மலைக் குளிரில் பழந்துணி: அருங்காட்சியகத் துணிகளைப் பாதுகாத்துப் படமாக்க முழுமையான வழிகாட்டி

உதகையிலோ கோத்தகிரியிலோ ஒரு சிறு அருங்காட்சியகத்தின் துணி அலமாரியைத் திறந்து, "எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது கேமரா. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு மாதம் கழித்து, பாதிக்கு மேற்பட்ட படங்களை மறுபடி எடுக்க நேர்ந்தது. படம் வீணானதுகூடப் பெரிதில்லை, துணிகளை மறுபடி விரித்ததுதான் நட்டம். பல்லாண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த பருத்தி, மடிப்புக் கோட்டில் இற்றுப்போயிருக்கும். விரித்து மடிக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே சில இழைகள் அறும்.

ஆகவே கீழே உள்ள வரிசை ஒரே கணக்கில் அமைந்தது: ஒரு துணியை ஒரு முறைதான் முழுதாக விரிக்க வேண்டும். பார்ப்பது, எழுதுவது, தூசி எடுப்பது, படமெடுப்பது, சுருட்டி வைப்பது எல்லாம் அந்த ஒரு முறைக்குள் முடிய வேண்டும். உதாரணத்துக்குப் பெரும்பாலும் பூத்துக்குளியை, அதாவது நீலகிரியின் தோடர் பழங்குடியினர் போர்த்திக்கொள்ளும் பூவேலைச் சால்வையை, எடுத்துக்கொள்கிறேன். பருத்தித் துணியும் கம்பளி நூலும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பதால் அதில்தான் தொல்லை அதிகம். அதைக் கையாளப் பழகியவருக்குப் படுகப் பெண்களின் வெள்ளை முண்டு எளிது.

1. பருவத்தைத் தேர்ந்தெடுங்கள், அறையை அளந்து பாருங்கள்

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வேலைக்கு நல்ல காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மூடுபனி சன்னல் இடுக்கு வழியாகவே உள்ளே வரும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும். துணிக்கு ஏற்றது 45 முதல் 55 வரை. ஆனால் அந்த எண்ணைப் பிடிப்பதைவிட, ஒரே நாளில் ஏறி இறங்காமல் வைத்திருப்பது முக்கியம். நார் ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். அந்த அசைவே இழையை அறுக்கிறது.

ஈரப்பதமானி வாங்கியதும் அதை நம்பிவிடாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்கு வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி அரை நாள் விடுங்கள். கருவி 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அது எப்போதும் ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஈரம் நீக்கும் இயந்திரம் வாங்குவோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. சமவெளிக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் கம்ப்ரசர் வகை. அறை வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் அதன் சுருளில் பனி கட்டிக்கொள்ளும், ஈரம் குறையாது. மலைக்கு உறிஞ்சுபொருளால் ஈரம் எடுக்கும் வகையே சரி. அதுவும் இல்லையென்றால் மூடிய பெட்டிகளுக்குள் சிலிக்கா ஜெல் போதும். வெயிலில் காயப்போடும் பழக்கம் வேண்டாம். இந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை. வீட்டுக் கம்பளிக்கு அது சரிப்படும். நூறாண்டுச் சிவப்பு நூலுக்கு ஆகாது.

2. வாங்கி வைக்க வேண்டியவை

வெளுக்காத மஸ்லின் துணி, தாராளமாக. அதை வெந்நீரில் இரண்டு முறை அலசிக் கஞ்சி முழுதும் போக்கிய பிறகே பயன்படுத்துங்கள். கடைக் கஞ்சி இராமபாணப் பூச்சிக்கு விருந்து. அமிலமற்ற டிஷ்யூ தாள் வாங்கும்போது, காரம் சேர்க்காததா என்று கேட்டு வாங்குங்கள். காரம் சேர்த்த தாள் தனிப் பருத்திக்குச் சரி, கம்பளிக்கும் பட்டுக்கும் ஆகாது. இவற்றோடு நைட்ரைல் கையுறை, மென்தூரிகை, பென்சில், பருத்தி நாடா, நிறமி மை நிரப்பிய பேனா, இழை எண்ணும் கண்ணாடி, பூச்சிகளுக்கு ஒட்டுப்பொறி.

வேண்டாதவற்றின் பட்டியல்தான் நீளம். அந்துருண்டை கூடாது. அதன் ஆவி வேலை செய்கிறவரின் உடம்புக்குக் கெடுதி, நாற்றமும் துணியைவிட்டுப் போகாது. பிவிசி உறை, செய்தித்தாள், குண்டூசி, ஒட்டுநாடா எதுவும் துணியருகே வரக் கூடாது. வேப்பிலை, வசம்பு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். முடிச்சாகக் கட்டி அலமாரியின் மூலையில் வைத்தால் தவறில்லை. துணியின் மடிப்புக்குள் வைத்தால் பழுப்புக் கறை படியும். அவை மட்டுமே காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம்.

3. கேட்க வேண்டியவர்களைக் கேளுங்கள்

இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கடைசியில் படங்களை அழிக்கிறார்கள். பூத்துக்குளி வெறும் போர்வை அல்ல, இறந்தவருக்குப் போர்த்துவதும் அதையே. எந்தத் துணியைப் பொதுப் பார்வைக்கு வைக்கலாம், எதைப் பதிவில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மந்துகளில் (தோடர் குடியிருப்புகளில்) உள்ள மூத்தவர்களே சொல்ல வேண்டும்.

தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இழை எண்ணும் அளவுக்குத் தெளிவான படத்தை இணையத்தில் விட்டால், அதைப் பார்த்து அச்சடித்த நகல் சால்வை சந்தைக்கு வர அதிக நாள் ஆகாது. பெரிய கோப்பு அருங்காட்சியகத்துக்குள் இருக்கட்டும், வெளியே சிறியது போகட்டும் என்று முன்பே எழுதி ஒப்புதல் வாங்குங்கள்.

4. மடிப்பைப் பிரிக்காமல் எண் கொடுங்கள்

அலமாரியில் இருந்தபடியே ஒரு படம், தட்டு தட்டாக. பிறகு ஒவ்வொரு மடிப்புக் கட்டையும் வெளியே எடுத்து, பருத்தி நூலில் தற்காலிக எண் அட்டையைத் தொங்கவிடுங்கள். பழைய பதிவேட்டு எண், யாரோ செருகிய சீட்டு, பெட்டி மேல் எழுதியது எதையும் தூக்கி எறியாதீர்கள். அந்தச் சீட்டு எந்தத் துணிக்குள் இருந்தது என்பதே பல நேரம் அத்துணியின் ஒரே வரலாறு. நான் முதல் வாரத்தில் சீட்டுகளை எல்லாம் ஒழுங்காக ஒரு கோப்பில் சேர்த்து வைத்தேன். அவற்றில் பதினொரு சீட்டுகள் எந்தத் துணியுடையவை என்று இன்றுவரை தெரியாது.

நிரந்தர எண் பிறகு. நாடாவில் நிறமி மையால் எழுதி, காயவிட்டு, எல்லாத் துணியிலும் ஒரே மூலையில், இழைகளுக்கு நடுவே ஊசி போகும்படி இரண்டு தளர்ந்த தையல். துணியின் மேலேயே எழுதுவதும், இஸ்திரி போட்டு ஒட்டும் சீட்டும் திரும்பச் சரிசெய்ய முடியாத தவறுகள்.

5. பூச்சியை உறையவிட்டுக் கொல்லுங்கள்

எண்ணிட்ட கட்டின் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து லேசாகத் தட்டுங்கள். ரவை போலச் சிவப்புத் துகள் விழுந்தால் அது தூசி அல்ல. அந்துப்பூச்சியின் புழு தின்ற கம்பளியின் நிறத்திலேயே எச்சமிடும். சிவப்பு நூலைத் தின்றால் சிவப்பு, கறுப்பைத் தின்றால் கறுப்பு. புதியவர்கள் இதைச் சாயம் உதிர்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், புழு உள்ளே தின்றுகொண்டே இருக்கும்.

துகள் விழாவிட்டாலும் கம்பளி உள்ள எல்லாவற்றையும் உறையவிடுவது நல்லது. மடித்தபடியே மஸ்லினில் சுற்றி, பாலித்தீன் உறையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி ஒட்டுங்கள். மைனஸ் 20 டிகிரி வரை போகும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் உறையைப் பிரிக்கக் கூடாது. அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த பொருளின்மேல் நீராகப் படியும். உறை மூடியிருந்தால் அது உறையின் வெளியே படியும், திறந்திருந்தால் துணியில். மணி, உலோகம், வண்ணப்பூச்சு சேர்ந்த பொருள்களை இப்படி வைக்கும் முன் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரைக் கேளுங்கள்.

வெள்ளையாக, பஞ்சு போல ஈரமாக ஒட்டியிருந்தால் அது உயிருள்ள பூஞ்சை. அதைத் துடைக்காதீர்கள், தேய்த்தால் இழைக்குள் இறங்கிவிடும். அந்தத் துணியைத் தனியறையில் உலரவிட்டு, பொடியாக மாறியபின் முகக்கவசம் அணிந்து எடுக்க வேண்டும்.

6. விரிக்கும் நாள்

மேசை துணியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மேலே மஸ்லின். மோதிரம், வளையல், கடிகாரம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாம் வெளியே. பருத்திக் கையுறை கூடாது. அதன் நார் பூவேலையின் இழையில் மாட்டி இழுக்கும். நைட்ரைல் அணியுங்கள், அல்லது நன்றாகக் கழுவி உலர்த்திய வெறுங்கை.

மலையில் மட்டும் வரும் ஒரு சிக்கல் ஸ்வெட்டர். குளிருக்கு எல்லோரும் போட்டிருப்போம். அதன் நார் வெள்ளைத் துணியில் உதிரும், பிறகு படத்தில் அது நெசவின் பகுதியாகத் தெரியும். ஸ்வெட்டரோடு அந்துப்பூச்சி முட்டையும் வரலாம். மேலே ஒரு பருத்தி அங்கியை முழுக்கை வைத்துத் தைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இருவர் வேண்டும். ஒருவர் மட்டும் தொட வேண்டும், மற்றவர் எழுத வேண்டும்.

7. நிலையை எழுதுங்கள்

படம் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்ற நினைப்பு தவறு. விறைப்பு, மணம், எடை, தடவினால் பொடிவது எதுவும் படத்தில் வராது. நீளம், அகலம், பாவு இழையும் (நீளவாட்டில் ஓடுவது) ஊடை இழையும் (குறுக்கே ஓடுவது) செ.மீ.க்கு எத்தனை, கரை எப்படி முடிகிறது, எங்கே ஒட்டுத் தையல் என்று வரிசையாக எழுதுங்கள். இழையை மூன்று இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள். கைத்தறியில் ஓரத்தில் நெருக்கமும் நடுவில் தளர்ச்சியும் இயல்பு.

தோடர்கள் துணி நெய்வதில்லை என்பதை நினைவில் வையுங்கள். துணி வேறொரு நெசவாளருடையது, பூவேலை தோடப் பெண்ணுடையது. பதிவேட்டில் "செய்தவர்" என்று ஒரே கட்டம் இருந்தால் இரண்டில் ஒருவர் மறைந்துபோவார். இரண்டு கட்டம் போடுங்கள்.

சொற்களை முன்பே முடிவுசெய்து சுவரில் ஒட்டுங்கள். ஒருவர் "கிழிசல்" என்றும் மற்றொருவர் "பிரிவு" என்றும் எழுதினால் பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இழை அறாமல் விலகியிருந்தால் விலகல், அறுந்திருந்தால் கிழிசல், பூச்சி தின்றிருந்தால் ஓட்டை. எங்களுக்கு இந்த மூன்றே முக்கால்வாசி வேலைக்குப் போதுமானதாக இருந்தது.

8. தூசி எடுங்கள், துவைக்காதீர்கள்

கொசுவலைத் துண்டு ஒன்றைச் சட்டத்தில் இழுத்துக்கட்டி, ஓரங்களைத் துணியால் மூடித் தைத்துக்கொள்ளுங்கள். அதைத் துணிமேல் வைத்து, வாக்குவம் கிளீனரை மிகக் குறைந்த இழுப்பில், வலைக்குச் சற்று மேலே பிடியுங்கள். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி அதில் இருப்பது அவசியம். இல்லாவிட்டால் எடுத்த பூஞ்சைத் தூளை அறை முழுதும் தூவிவிடும். வலை இல்லாமல் செய்தால் தளர்ந்த இழை குழாய்க்குள் போகும்.

துவைக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. சிவப்புச் சாயம் வெள்ளைப் பருத்தியில் இறங்கினால் திரும்ப எடுக்க வழியில்லை. சாயம் நிற்குமென்றாலும் நான் தடுப்பேன்: அடுப்புப் புகையும் நெய்யும் ஏறிய வாசனை, அந்தத் துணியை ஒருவர் உடுத்தி வாழ்ந்ததற்கான சான்று.

இங்கே அடுத்த பெரிய தவறு: கத்தரிக்கோல். பூவேலையின் ஒரு பக்கத்தில் நூல் சிறு சிறு குமிழாக எழும்பி நிற்கும். வெளியிலிருந்து வருகிறவர்கள் அதைப் பிசிறு என்று நினைத்து "சுத்தம்" செய்யப் பார்ப்பார்கள். அது பிசிறு அல்ல, வேண்டுமென்றே விட்டது.

9. படம் எடுப்பது

நான் மறுபடி எடுத்த படங்களின் கதை இங்கேதான். தட்டையாக, சீராகத் தெரிந்த பக்கத்தை முன்பக்கம் என்று வைத்து நாற்பது துணிகளைப் படமெடுத்திருந்தேன். பார்க்க வந்த தோடர் பாட்டி ஒருவர், மேசைமேல் இருந்ததை ஒரு நொடி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரு கையாலும் துணியின் முனையைப் பிடித்துத் திருப்பிப் போட்டார். குமிழ் எழும்பிய பக்கமே அவர்களுக்கு வெளிப்பக்கம். எனக்குப் பின்புறமாகத் தெரிந்தது அவருக்கு முகம். இரு பக்கத்தையும் எடுங்கள். எது வெளிப்பக்கம் என்பதை அதை உடுத்துகிறவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

இனி அளவுக் கணக்கு. துணியில் செ.மீ.க்கு 16 இழை என்று வைத்துக்கொள்வோம். ஒரு இழையை எண்ணும்படி தெரிய ஐந்து புள்ளியாவது (பிக்சல்) வேண்டும், ஆக செ.மீ.க்கு 80 புள்ளி. உங்கள் கேமராப் படத்தின் நீளம் 6,000 புள்ளி என்றால் ஒரு படத்தில் 75 செ.மீ. மட்டுமே அடங்கும். இரண்டரை மீட்டர்த் துணியை ஒரே படத்தில் எடுத்தால் செ.மீ.க்கு 24 புள்ளி, இழைக்கு ஒன்றரை. அந்தப் படத்தில் துணி தெரியும், நெசவு தெரியாது. எனவே முழுப் படம் ஒன்று, பிறகு கால்பங்கு ஒன்றன்மேல் ஒன்று வருமாறு பகுதிப் படங்கள்.

முழுப் படத்துக்கு இடம் வேண்டும். முழுச் சட்டக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் என்றால் இரண்டரை மீட்டர்த் துணிக்கு மூன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தரையில் விரித்து ஏணிமேல் ஏறி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். லென்ஸ் மூடி ஒன்று விழுந்தால் போதும். மஸ்லின் போர்த்திய சாய்வுப் பலகைமேல் துணியைக் கிடத்தி, கேமராவைப் பலகைக்குச் செங்குத்தாக வைப்பது நல்லது. பகுதிப் படங்களின்போது துணியைத் தொட்டு நகர்த்தாதீர்கள், கேமராவை நகர்த்துங்கள்.

சன்னல் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். ஒரு மேகம் தாண்டினால் நிறம் மாறும். சன்னலை மூடி, சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 95க்கு மேலுள்ள எல்இடி விளக்கு இரண்டை இரு பக்கமும் 45 டிகிரியில் வையுங்கள். எடுக்கும் நேரம் தவிர அணைத்து வையுங்கள். காட்சிக்கூடத்தில் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் வரம்பு, விளக்கடியில் அதைப் பலமடங்கு தாண்டியிருப்போம். கேமராவில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, முக்காலித் தாங்கி, தாமத விசை. 24 கட்ட நிற அட்டையும் அளவுகோலும் துணியின்மேல் அல்ல, பக்கத்தில்.

கடைசியாக ஒரு விளக்கை அணைத்து, மற்றதைத் துணியின் மட்டத்துக்குத் தாழ்த்தி ஒரு படம் எடுங்கள். குமிழ்களின் நிழல் நீண்டு விழும். எந்தத் தையல் எதன்மேல் போகிறது என்பது இந்தப் படத்தில்தான் தெரியும்.

எடுத்ததை உடனே திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். நெருக்கமான நெசவில் இல்லாத அலைக்கோடுகள் தோன்றியிருந்தால், இழையும் சென்சார் கட்டமும் மோதுகின்றன என்று பொருள். கேமராவைச் சிறிது கிட்டவோ தள்ளியோ வைத்தால் போய்விடும். துணியைச் சுருட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. மேசை ஸ்கேனரில் கவிழ்த்து எடுப்பது வேண்டாம், கண்ணாடி குமிழ்களை நசுக்கும்.

10. கோப்புப் பெயரும் விவரமும்

பெயரில் எண் மட்டும் இருக்கட்டும்: 0147_1_03 என்றால் 147ஆம் துணி, வெளிப்பக்கம், மூன்றாம் படம். "சிவப்புச் சால்வை புதியது" என்று பெயர் வைத்தவர் விடுப்பில் போனால் வேலை நின்றுவிடும். கேமரா பதிந்தபடியே உள்ள ரா கோப்பையும், அதிலிருந்து தரம் குறையாமல் செய்த டிஃப் கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்துக்குச் சிறிய ஜேபெக்.

விவரங்களைத் தமிழில் எழுதுங்கள், ஆனால் யூனிகோடில். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். திரையில் தமிழாகத் தெரியும். கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும், தேடினால் எதுவும் வராது. பூவேலைக் கோலங்களின் பெயர்களைக் குரல் பதிவாகவும் எடுங்கள். தோட மொழிக்குத் தனி எழுத்து இல்லை, அதன் ஒலிகள் பல தமிழ் எழுத்தில் அடங்குவதுமில்லை. பூவேலைக்கு அவர்கள் சொல்லும் பெயரை "புகூர்" என்று நாம் எழுதுவதுகூட ஒரு தோராயம்தான்.

மென்பொருளில் நாள் கழிக்க வேண்டாம். சிறு சேகரிப்புக்கு ஒரு அட்டவணைக் கோப்பு போதும். பின்னால், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் அருங்காட்சியகங்களுக்காக உருவாக்கிய ஜதன் மென்பொருள் போன்ற ஒன்றுக்கு மாற நேர்ந்தால், சீரான அட்டவணையிலிருந்து மாறுவது எளிது.

11. நகல்கள்

மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். மழையில் மலைப்பாதை அடைபடும் ஊர் இது, அந்த ஒன்று கோவையிலோ ஈரோட்டிலோ இருக்கட்டும். நகலெடுத்ததும் செக்சம் (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பாருங்கள். லென்ஸையும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். துணிக்குப் பிடிக்கும் பூஞ்சை கண்ணாடிக்கும் பிடிக்கும்.

12. சுருட்டி வைப்பது

பெரிய துணியை மடிக்காமல் சுருட்டுங்கள். உருளை பத்து செ.மீ. விட்டமாவது இருக்கட்டும். அட்டை உருளையில் அமிலம் இருக்கும். முதலில் பாலியெஸ்டர் படலம், அதன்மேல் மஸ்லின். பாவு நேராக இருக்கும்படி, குமிழ்ப் பக்கம் வெளியே வருமாறு, இழுக்காமல் சுருட்டுங்கள். முகத்தை உள்ளே வைத்தால் உள்வளைவில் சுருக்கம் விழுவது முகத்தில். பருத்தி நாடாவால் தளர்வாக இரண்டு இடத்தில் கட்டி, உருளையின் இரு முனைகளையும் தாங்கியில் வையுங்கள். துணியின்மேல் எடை நிற்கக் கூடாது. சிறியவற்றை மடித்தே ஆக வேண்டுமென்றால் மடிப்புக்குள் டிஷ்யூ தாளை உருட்டி வைத்து, கூர்மடிப்பு விழாமல் பாருங்கள். தூளாகிவிட்ட பழைய மடிப்புக் கோட்டிலேயே திரும்ப மடிக்காதீர்கள்.

மரத் தட்டு வேண்டாம், பவுடர் பூச்சுள்ள இரும்புத் தட்டு போதும். வெளியுறையில் எண்ணோடு கட்டைவிரல் அளவுப் படம் ஒன்றை அச்சிட்டுக் கட்டுங்கள். பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் படத்திலும் கணினியிலும் திருப்தியாகிவிடுவார்கள், சுருளைப் பிரிக்கத் தேவையிராது.

ஒட்டுப்பொறிகளைச் சுவரோரமாக, கதவின் இரு பக்கமும் தரையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, எந்தப் பூச்சி எத்தனை என்று தேதியோடு எழுதுங்கள். ஒரு அந்து இருந்தாலும் அந்தப் பொறிக்கு அருகே உள்ள தட்டின் கம்பளிச் சுருள்கள் மட்டும் மறுபடி ஃப்ரீசருக்கு, சுருட்டியபடியே.